அடுப்பூதும் அழகி... எடோவிலிருந்து சாயல்குடி வரை!

கண்ணை எரிக்கும் புகை. வாயில ஊதுகுழல். ஒரு பொண்ணு அடுப்பை ஊதுறா. பக்கத்துல ஒருத்தி கத்தரிக்காய்க்குத் தோல் சீவுறா. நடுவுல ஒரு வாண்டு முதுகைத் தொத்திக்கிட்டு அடம்!

பரமக்குடி பாட்டி வீடா? ஸாரி மக்களே, இது ஜப்பான்! 1790-களில் கிடகாவா உடாமாரோ வரைந்த மரச்செதுக்கு ஓவியம். உடாமாரோ கோடு போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார். கலருக்கு ஒரு பலகை. அச்சடிப்பவர் காகிதத்தை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் திண்டால் தேய்ப்பார். பலகை மூலையில் சின்ன வெட்டுக்குறி இருக்கும். அதில் காகிதத்தைப் பொருத்தினால் கலர் இம்மியும் விலகாது. முழு வண்ணத்தில் இப்படி அச்சடிப்பது 1765 வாக்கில் சூடு பிடித்தது. விலை? கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் நூடுல்ஸ் காசு! அதனால்தான் அடுப்படியும், வருஷக் கடைசியில் அரிசி மாவுப் பணியாரத்துக்கு உலக்கை போடுவதும் ஓவியத்துக்குள் வந்தன. வாங்குறவன் சாதாரண ஆளாச்சே!

அப்படியே ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துக்கு வாங்க. முத்து விஜய ரகுநாத சேதுபதி (1713-1725) காலத்துச் சுவரோவியங்கள். தர்பார், தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியர்களோடு சந்திப்பு, ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்குவது, ராமாயணம்... கண்ணு விரியும்! அந்தக் காலத்து உடையும் நகையும் அப்படியே இருக்கு. ஆனா ஹீரோ ராஜாதான். சம்பளம் கொடுத்தவர் அவராச்சே! சமையல்காரம்மாவுக்கு அங்கே பெரிய ரோல் கிடையாது. (போனா சுவத்துல பேரைக் கீறாதீங்க பாஸ்!)

சரி, அந்தச் சமையல்காரம்மாவை யார் வரையறது? சாயல்குடி பக்கம் பதநீரைக் காய்ச்சி, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குறவங்க, பாம்பன் மணல்ல கருவாடு புரட்டுறவங்க, ஊர்ல முளைப்பாரிக்கு நவதானியம் முளைக்கப்போட்டுக் கும்மியடிக்கிறவங்க, மாசி, பங்குனியில முண்டு மிளகாய் காயப்போடுறவங்க... 2023-ல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. காயப்போட்ட ஆத்தாவுக்கு ஒரு படம்கூட இல்லே! செல்போன்ல ஆயிரம் போட்டோ எடுத்திருப்போம். அதுல அவங்க எத்தனை பேரு?

செர்ரி மரம் வேணாம். ஸ்டேஷனரி கடையில லினோ ஷீட், செதுக்குற கத்தி, ஒரு டப்பா மை, தேய்க்க எவர்சில்வர் கரண்டி... போதும்! லீவுக்கு ஊருக்குப் போறப்போ அவங்க பக்கத்துல உட்கார்ந்து முதல்ல கோடு போடுங்க. எழுத்தை மட்டும் இடம் வலம் மாத்திச் செதுக்கணும். மறந்தா, 'கருப்பட்டி'யைக் கண்ணாடி வெச்சுத்தான் படிக்கணும்!