வாயிலில் நிறுத்தப்பட்ட குடிமகன்: ஜப்பானியச் சமுதாயம் பற்றி ஓர் அயலவரின் கருத்துகள்

தமிழ்த்துறையினராகிய நமக்கு ஜப்பான் என்றவுடன் நினைவுக்கு வருபவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என நிறுவ முற்பட்டு, பேராசிரியர் பொற்கோ, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் இணைந்து அவர் ஆற்றிய பணியை நம் மேடைகளில் பலரும் போற்றியுள்ளனர். மொழியியலார் பெரும்பாலோர் அக்கோட்பாட்டை ஏற்கவில்லை என்பதை மட்டும் மேடையில் எவரும் சொல்வதில்லை. ஓனோவுக்கு அடுத்தபடியாக நாம் எடுத்துக்காட்டுவன அம்மக்களின் உழைப்பும் நேரந்தவறாமையும் தூய்மையும் ஆகும். இப்புகழுரைகள் பொய்யல்ல. ஆயினும் ஒரு சமுதாயத்தை அதன் விருந்தினர் கூறும் புகழுரைகளைக் கொண்டு மட்டும் அறிந்துகொள்ள இயலாது. அங்கேயே குடியேறி, மணம் புரிந்து, வரி செலுத்தி, இறுதியில் வழக்கும் தொடுத்த ஒருவரின் சொற்களைக் கேட்பது வேறு வகையான கல்வி. அத்தகைய ஒருவரின் கருத்துகளையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

அவர் அமெரிக்காவில் பிறந்தவர். இயற்பெயர் டேவிட் ஆல்ட்விங்கிள். ஜப்பானியப் பெண்மணியை மணந்து, நாட்டின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டில் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, அருடோ டெபிட்டோ என்னும் பெயரை ஏற்றார். அப்பெயரின் எழுத்துகளுக்கு 'பாதை உடையவர், புறப்பட்டுச் செல்பவர்' என்பதுபோல் அவரே பொருள் கூறுவதுண்டு. ஜப்பானியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஆதலின் பின்னர் அமெரிக்கக் குடியுரிமையையும் அவர் துறந்தார். அவரை 'அயலவர்' என்று நாம் தலைப்பில் குறித்திருப்பது சட்டப்படி பிழை. ஆனால் அந்தப் பிழையே இக்கட்டுரையின் பொருளாதலின் அதனை அவ்வாறே விட்டுவைத்தோம்.

ஒட்டாரு வழக்கு

ஒட்டாரு என்பது ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகர். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர், 1990களில், உருசியக் கப்பல்கள் அங்கு மிகுதியாக வரத் தொடங்கின. கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகள் நகரின் வெந்நீர்க் குளியலகங்களையும் நாடினர். சில குளியலகங்கள் 'ஜப்பானியர் மட்டும்' என்று பலகை வைத்தன.

இவ்விடத்தில் ஜப்பானியக் குளியலகத்தின் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். முதலில் தனியே தாழ்வான இருக்கையில் அமர்ந்து, சோப்பிட்டு உடலை நன்றாகத் தேய்த்து, நுரை சிறிதும் இல்லாதவாறு அலசிய பின்னரே பொதுத் தொட்டியின் வெந்நீரில் இறங்க வேண்டும். துண்டையும் அந்நீரில் நனைக்கலாகாது. அந்நீர் அழுக்கு நீக்குவதற்கன்று, அமர்ந்து இளைப்பாறுவதற்கே. பள்ளிவாசல் ஹவுளில் கைகால் கழுவிய நீர் மீண்டும் உள்ளே விழாதவாறு பார்த்துக்கொள்ளும் நம் பெரியவர்களுக்கு இந்நுணுக்கம் எளிதில் விளங்கும். மாலுமிகள் சிலர் குடித்துவிட்டு வந்ததும், சோப்பு நுரையோடு தொட்டியில் இறங்கியதும், அதனால் உள்ளூர் வாடிக்கையாளர் வருகையை நிறுத்தியதுமே பலகைக்குக் காரணம் என உரிமையாளர் கூறினர். அவர்தம் இன்னல் கற்பனையன்று என்றே நாம் கருதுகிறோம். கேள்வி வேறிடத்தில் எழுகிறது.

1999 செப்டம்பரில் சில குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து அக்குளியலகம் ஒன்றிற்குச் சென்றன. அக்குழுவில் ஜப்பானியரும் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர், சீனப் பெண்மணி ஒருவரும் இருந்தார். வெள்ளையர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். சீனப் பெண்மணியோ தடையின்றி உள்ளே சென்றுவிட்டார். அவரும் வெளிநாட்டவரே என எடுத்துக் கூறிய பின்னரே அவரையும் வெளியேறுமாறு சொன்னார்கள். கடவுச்சீட்டை எவரும் கேட்கவில்லை. முகத்தை மட்டுமே பார்த்தார்கள். அருடோவுக்கு இரு பெண் குழந்தைகள். இருவரும் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குடிமக்கள். ஒரு குழந்தை தாயின் சாயல், மற்றொன்று தந்தையின் சாயல். இவர்கள் வளர்ந்து தனியே வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் வினவியபோது, முதற்குழந்தையை அனுமதிப்போம், மற்றவளை அனுமதிக்க இயலாது என்னும் கருத்துப்பட விடை வந்ததாக அவர் எழுதியுள்ளார். ஒரு வயிற்றில் பிறந்த இருவரை ஒரு வாயில் பிரித்துவிட்டது. அவருடைய பிற்காலக் கருத்துகள் அனைத்தும் இந்த ஒரு விடையிலிருந்தே கிளைத்தன எனலாம்.

2000 அக்டோபரில், குடியுரிமை பெற்ற சில நாட்களில், அவர் மீண்டும் அங்கே சென்றார். குடியுரிமைச் சான்றையும் காட்டினார். மேலாளர் அதனைப் பார்த்து அவர் ஜப்பானியரே என ஒப்புக்கொண்டார். ஆயினும் தோற்றத்தைக் கண்டு பிற வாடிக்கையாளர் தவறாக எண்ணக்கூடும் என்று கூறி அனுமதி மறுத்தார். 2001 பிப்ரவரியில் அருடோவும், ஜெர்மானியர் ஒருவரும், அமெரிக்கர் ஒருவரும் சப்போரோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். குளியலகத்தின் மீது மட்டுமன்றி, பலகையை அகற்ற நடவடிக்கை எடுக்காத ஒட்டாரு நகராட்சியின் மீதும் அவ்வழக்கு தொடுக்கப்பட்டது.

2002 நவம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. வெளிநாட்டவர் அனைவரையும் ஒருசேர மறுப்பது சமுதாயம் பொறுத்துக்கொள்ளும் எல்லையைக் கடந்த பாகுபாடு என்றும், ஒழுங்கு மீறுவோரைத் திருத்தவும் வெளியேற்றவும் குளியலகத்திற்கு வேறு வழிகள் இருந்தன என்றும் நீதிமன்றம் கருதியது. மூவருக்கும் தலா 10 இலட்சம் யென் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நகராட்சியைப் பொறுப்பாளியாக்க மறுத்துவிட்டது. 2004 செப்டம்பரில் சப்போரோ உயர்நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. நகராட்சிக்கு எதிரான மேல்முறையீட்டை 2005 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதற்கு முன்னோடியான தீர்ப்பு ஒன்றும் உண்டு. ஹமாமட்சு நகரில் நகைக்கடையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரேசில் நாட்டுப் பெண் செய்தியாளர் ஒருவருக்கு 1999 அக்டோபரில் 15 இலட்சம் யென் வழங்கச் செய்தது அத்தீர்ப்பு. அதில் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

சட்டமும் சொல்லும்

அருடோவின் முதற்பெருங் கருத்து இதுதான்: ஜப்பானில் இனப்பாகுபாடு தவறு, ஆனால் சட்டவிரோதமன்று. ஜப்பான் 1995இல் மேற்கூறிய உடன்படிக்கையில் இணைந்தது. இனப்பாகுபாட்டைச் சட்டமியற்றியேனும் தடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஆயினும் தனியார் ஒருவர் மற்றொருவரை இனங்காரணமாக வாயிலில் தடுப்பதைக் குற்றமாக்கும் தேசியச் சட்டம் இன்றளவும் அங்கு இல்லை. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. அப்பிரிவில் வரும் 'கொக்குமின்' என்னும் சொல்லோ நாட்டுமக்களைக் குறிப்பது. இயல்பிலேயே குடிமக்களுக்கு மட்டும் உரியவை தவிர்ந்த அடிப்படை உரிமைகள் வெளிநாட்டவர்க்கும் உண்டு என 1978ஆம் ஆண்டின் மெக்லீன் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கம் தந்தது. எனினும் அரசியலமைப்பு அரசைக் கட்டுப்படுத்துவது போல் கடைக்காரரை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலின் தடுக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடி, தாம் பட்டது அவமதிப்பே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பதிவேடு பற்றியது. ஜப்பானில் 'ஜூமின்ஹியோ' என்னும் வசிப்போர் பதிவேடு உண்டு. நம் குடும்ப அட்டை போன்று பல காரியங்களுக்கு அது வேண்டும். 2012 ஜூலை வரை வெளிநாட்டவர் அதில் இடம்பெறவில்லை. ஜப்பானியரை மணந்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அவர் வேறு பதிவேட்டில்தான் இருப்பார். குடும்பப் பதிவைப் பார்ப்பவர்க்குத் துணைவர் ஒருவர் இருப்பதே தெரியாது. இந்நிலையில், ஆற்றில் தோன்றி மக்கள் மனத்தைக் கவர்ந்த டாமாச்சான் என்னும் கடல்நாய்க்கு 2003 பிப்ரவரியில் யோகோஹாமாவின் நிஷி வட்டாரம் சிறப்பு வசிப்புப் பதிவு வழங்கிற்று! அருடோவும் நண்பர்களும் முகத்தில் கடல்நாயின் மீசையை வரைந்துகொண்டு ஆற்றங்கரையில் கூடி, 'எங்களுக்கும் பதிவு தருக' என்று கேட்டனர். நூறு பக்க அறிக்கை செய்யாததை ஒரு மீசை செய்தது. 2012இல் வந்த மாற்றத்திற்கு நிர்வாகக் காரணங்கள் பல இருந்தன. அந்த மீசையே சட்டத்தை மாற்றியது எனக் கூறுவது மிகையாகும். இருப்பினும் அக்கேள்வியைப் பொதுமக்கள் காதில் விழச்செய்ததில் அதற்குப் பங்குண்டு.

மூன்றாவதாக, அவர் மிகுந்த பகையைத் தேடிக்கொண்ட கருத்து. 'கைஜின்' என்பது ஜப்பானிய வழக்கில் வெளிநாட்டவரைக் குறிக்கும் சொல். 'புறத்து மனிதர்' என்பது அதன் நேர்பொருள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லுக்கு நிகரானது இது என்று அருடோ 2008இல் எழுதினார். ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் பலரே அதனைக் கடுமையாக மறுத்தனர். மொழி பயிற்றுவிப்போர் என்ற முறையில் நம் கருத்தும் மறுப்பின் பக்கமே சாய்கிறது. அடிமை வாணிகத்தின் குருதி தோய்ந்த சொல்லையும், சுட்டும் தொனிக்கேற்ப நட்பாகவும் விலக்கலாகவும் பொருள்படும் சொல்லையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஆனால் அவர் சுட்டிய ஒன்று உண்மை: அச்சொல் ஒருவருடைய நாட்டைக் கேட்பதில்லை, முகத்தையே பார்க்கிறது. குடியுரிமை பெற்ற பின்னும் அவர் தெருவில் கைஜின்தான்.

வேறோர் இடத்திலும் நாம் அவரோடு முழுமையாக உடன்பட இயலவில்லை. புலப்படும் தோற்றத்தையே அவர் சிக்கலின் வேராகக் கொள்கிறார். தோற்றத்தில் ஜப்பானியரிடமிருந்து பிரித்தறிய இயலாத கொரிய வழியினர் பட்ட துன்பத்தை இவ்விளக்கம் முழுதும் தழுவாது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானியப் பெயரில் வேலைக்கு விண்ணப்பித்து, தேர்வும் பெற்ற கொரிய இளைஞர் ஒருவரை, பிறப்பறிந்த பின் ஹிட்டாச்சி நிறுவனம் மறுத்தது. 1974இல் யோகோஹாமா நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அங்கே தடையாக நின்றது முகமன்று. பதிவேட்டில் உள்ள பெயரே. வீடு கேட்டுச் சென்ற இடத்தில், பெயரைச் சொன்ன பின் 'வேறொருவர்க்குப் பேசியாகிவிட்டது' என்னும் விடையைப் பெறுதல் இம்மலரைப் படிப்போர் சிலர்க்கும் புதிதன்று.

வீடு பற்றிய செய்தி அங்கும் அதுவே. ஜப்பானிய நீதியமைச்சகம் 2016இல் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டுகளில் வாடகை வீடு தேடிய வெளிநாட்டவருள் சுமார் 40 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாகக் கூறினர். தனியொருவரின் முறையீடு என்று அதுவரை ஒதுக்கப்பட்டதற்கு அரசின் கணக்கே சான்றாயிற்று.

விருந்தினர் குறை கூறலாமா?

'இந்நாட்டுச் சோற்றை உண்டுகொண்டு இந்நாட்டையே பழிக்கிறார். பிடிக்காவிடில் திரும்பிச் செல்லட்டும்' என்னும் எதிர்ப்பு அவர்க்கு இடையறாது வந்தது. கொலை மிரட்டல் கடிதங்களும் வந்ததாக அவர் எழுதியுள்ளார். ஒரு சமுதாயத்தில் வாழ்ந்து, அதன் மொழியைக் கற்று, அதன் நீதிமன்றத்தில் அதன் மொழியிலேயே வாதிடுபவரை விருந்தினர் என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர் நடையில் கடுமை உண்டு. வெற்றி பெற்ற வழக்கை அவர் சற்றுக் கூடுதலாகவே நினைவுபடுத்துவார். இவை எழுத்தாளர் குறைகள். பலகை அங்கு இருந்தது என்பதை இவை மாற்றுவதில்லை.

மேலும் 'அயலவர்' என்னும் தொகை அங்கு வளர்ந்துகொண்டே போகிறது. ஜப்பானில் 2024இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 இலட்சத்திற்கும் குறைவு. வயல், தொழிற்சாலை, முதியோர் இல்லம் எங்கும் ஆளில்லை. 2019இல் திறனுடைத் தொழிலாளர்க்கெனப் புதிய நுழைவுரிமை வகையை அரசு ஏற்படுத்திற்று. 2024 இறுதியில் அங்கு வாழும் வெளிநாட்டவர் சுமார் 37 இலட்சத்து 70 ஆயிரம் பேர். மறுபுறம், 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியரே முதலில்' என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது.

வந்தோருள் இந்தோனேசியா, வங்காளதேசம், பாகிஸ்தான் முதலிய நாட்டு முஸ்லிம்களும் உளர். கோபே நகரில் 1935 முதலே பள்ளிவாசல் உண்டு. தொழுகைக்கு இடர் இல்லை. இடர் இறப்பில் வருகிறது. ஜப்பானில் இறப்போருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மருக்கு மேல் எரியூட்டப்படுகின்றனர். அடக்கத்தலங்கள் மிகச் சில. ஒய்டா மாநிலத்தின் ஹிஜி என்னும் ஊரில் அடக்கத்தலம் அமைக்க அப்பகுதி முஸ்லிம்கள் பல ஆண்டுகள் முயன்றனர். குடிநீர் கெடும் என்று அண்டையில் வாழ்வோர் அஞ்சினர். 2024 ஆகஸ்டில், அதற்கு ஊராட்சி நிலத்தை விற்பதை எதிர்த்தவரே அவ்வூர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீர் பற்றிய அச்சத்தை இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் முறையாகாது. நிலத்தடி நீரோட்டத்தை ஆய்ந்து காட்டி விடைகூறத்தக்க அச்சம் அது. ஆனால் இந்த ஊரில் இல்லையெனில் எந்த ஊரில் என்னும் கேள்விக்கு அங்குள்ள எவரேனும் விடை கூறியாகவும் வேண்டும். பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவர்கள் சடலத்தை மட்டும் எந்நாட்டிற்கு அனுப்புவார்கள்?

சட்டத்துறையில் அசைவு சிறிது உண்டு. 2016இல் வெறுப்புப் பேச்சைக் கண்டிக்கும் தேசியச் சட்டம் வந்தது. அதில் தண்டனை ஏதும் இல்லை. கொரிய வழியினர் மிகுதியாக வாழும் கவாசாக்கி நகரம் 2019 டிசம்பரில், பொதுவிடங்களில் அத்தகைய பேச்சை எச்சரிக்கைக்குப் பின்னும் தொடர்வோர்க்கு 5 இலட்சம் யென் வரை தண்டம் விதிக்கும் விதியை நிறைவேற்றியது. குளியலகத்தின் வாயிலில் ஒருவரைத் தடுத்து நிறுத்துவது அவ்விதியின் தண்டத்துள் அடங்காது. அதற்கு அவர் இன்றும் தம் செலவில் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.