ஏழாவது வளையம்



2014 மார்ச் 8 அதிகாலை கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய எம்.எச். 370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. ரேடாரிலும் இல்லை, வானொலியிலும் பதில் இல்லை. ஆனால் பெர்த் நகரத் தரைநிலையம், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்த இன்மர்சாட் செயற்கைக்கோள் வழியாக "இருக்கியா?" என்று அவ்வப்போது கேட்டது. விமானக் கருவி தானாகவே "இருக்கேன்" என்றது. கடைசித் தொடர்பு காலை 8.19க்கு.

இதில் இடம் எப்படித் தெரியும்? எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அம்மாவுக்கு இப்படித்தான் சொன்னேன்: "கிணத்துல கல்லைப் போட்டு, சத்தம் வர்ற நேரத்தை வச்சு ஆழம் சொல்ற மாதிரிம்மா." பதில் வர ஆன நேரமும் அலையின் வேகமும் தெரிந்தால், செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம் கிடைத்துவிடும்.

அம்மா உடனே கேட்டாங்க: "தூரம் சரிப்பா, எந்தப் பக்கம்?"

அதுதான் சிக்கலே! அந்தத் தூரத்திலுள்ள இடங்களையெல்லாம் சேர்த்தால் பூமிமேல் ஒரு பெரிய வளையம் வரும். கடைசித் தொடர்பு தந்தது ஏழாவது வளையம். அதில் வடக்கா, தெற்கா? ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் மாறுமே, அந்த டாப்ளர் விளைவு "தெற்கு" என்றது. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் அதன் இறக்கைப் பாகம் கரை ஒதுங்கியது. ஆனால் 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கி.மீ. கடலடியில் தேடியும் விமானம் கிடைக்கவில்லை. இன்னொரு செயற்கைக்கோளும் கேட்டிருந்தால், வளையங்கள் வெட்டும் இடத்தில் தேடியிருக்கலாம்.

கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அறிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

தூரம் = வேகம் × நேரம். இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள் நண்பர்களே! 239 பேரின் குடும்பங்கள் இந்தச் சூத்திரத்தை நம்பிக் காத்திருந்தன.