விளையாட்டு இலவசம்... நாய்க்கு 40 டாலர், குதிரைக்கு 40 டாலர்! ‘சிம்ஸ்’ ரசிகர்களின் தீராத ஆதங்கம்

நாயும் பூனையும் வளர்க்க வேண்டுமா? 40 டாலர். அவற்றுக்குப் புது உடுப்பும் படுக்கையும் வேண்டுமா? இன்னொரு 10 டாலர். குதிரை வேண்டுமா? மறுபடியும் 40 டாலர். மொத்தம் 90 டாலர். ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 7,600 ரூபாயைத் தாண்டுகிறது. இத்தனைக்கும் இவை எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள் மட்டுமே ஓடியாடும் பிராணிகள்!

‘தி சிம்ஸ் 4’ வீடியோ கேமின் கூடுதல் தொகுப்புகள் வெளியானபோது வைக்கப்பட்ட விலைகள் இவை. இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம். 2022 அக்டோபர் முதல் அது முற்றிலும் இலவசம். செலவெல்லாம் உள்ளே நுழைந்த பிறகுதான்.

எரிந்த வீட்டிலிருந்து பிறந்த விளையாட்டு

1991-ல் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் ஏற்பட்ட பெரும் தீயில் வில் ரைட் என்பவரின் வீடு எரிந்துபோனது. அவர் கேம் வடிவமைப்பாளர். மறுபடி குடும்பம் நடத்த என்னென்ன பொருட்கள் உண்மையிலேயே தேவை என்று யோசித்தபோது, அந்த யோசனையே ஒரு விளையாட்டுக்கு விதையானது. 2000-ல் ‘தி சிம்ஸ்’ வெளிவந்தது.

இதில் சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. வீடு கட்டலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடியதன் கம்ப்யூட்டர் வடிவம் என்று சொல்லலாம். அதனால்தான் வீடியோ கேம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் இதற்குள் வந்தார்கள். 2004-ல் இரண்டாம் பாகம், 2009-ல் மூன்றாம் பாகம், 2014 செப்டம்பரில் நான்காம் பாகம் என்று தொடர் வளர்ந்தது.

நீச்சல் குளம் எங்கே?

நான்காம் பாகத்தை 60 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு முதல் நாளே அதிர்ச்சி. முந்தைய பாகங்களில் இருந்த நீச்சல் குளத்தைக் காணோம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைப் பருவத்தையும் காணோம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை, கண்மூடித் திறப்பதற்குள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிட்டது!

ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நீச்சல் குளம் வந்தது. தத்தி நடக்கும் குழந்தைகள் வர 2017 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டையும் இலவசமாகவே கொடுத்தது ‘எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’ நிறுவனம். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தவழும் குழந்தைகளும் 2023-ல் இலவசமாகத்தான் வந்தன.

ஆனால், மழை இலவசமாக வரவில்லை. இரண்டாம் பாகத்தில் மழை, வெயில், பனி என்று பருவங்கள் மாற 2007-ல் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் பாகத்தில் அதே வசதிக்கு 2012-ல் மறுபடியும் பணம். நான்காம் பாகத்தில் 2018-ல் மூன்றாவது முறையாகப் பணம். ஒரே மழைக்கு மூன்று தடவை காசு!

கூறு போட்டு விற்ற கதை

பிராணிகள் விஷயம்தான் ரசிகர்களை அதிகம் காயப்படுத்தியது. 2011-ல் மூன்றாம் பாகத்துக்கு வந்த தொகுப்பில் நாய், பூனை, குதிரை மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நான்காம் பாகத்தில் நாயும் பூனையும் 2017 நவம்பரில் வந்தன. குதிரை வர 2023 ஜூலை ஆனது. அதற்குத் தனி விலை.

இடையில் 2018 மார்ச்சில் ஒரு குட்டித் தொகுப்பு வந்தது. அதிலிருந்த நாய், பூனை உடுப்புகளைப் பயன்படுத்த, முதலில் நாய்-பூனை தொகுப்பை வாங்கியிருக்க வேண்டும். ‘கூடுதல் தொகுப்புக்கே கூடுதல் தொகுப்பா?’ என்று கேட்டார்கள் ரசிகர்கள். கேள்வி நியாயமானதுதானே?

விலை வரிசையைப் பாருங்கள். பெரிய தொகுப்புக்கு 40 டாலர், நடுத்தரத்துக்கு 20, சிறியதற்கு 10, 2021 முதல் வரும் ‘கிட்’ என்ற குட்டிக்கு 5. 2025 அக்டோபர் வரை வந்த பெரிய தொகுப்புகள் மட்டும் 20. அதற்கே 800 டாலர். நடுத்தரத் தொகுப்புகள் 12. அதற்கு 240 டாலர். சிறியவற்றைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. நம்மூர் மதிப்பில் 88,000 ரூபாய்!

உட்காராத விருந்தினர்கள்

காசு கொடுத்து வாங்கிய பொருளாவது சரியாக இருந்ததா? 2022 பிப்ரவரியில் கல்யாணத் தொகுப்பு 20 டாலருக்கு வந்தது. ஆசை ஆசையாகக் கல்யாணம் நடத்தியவர்களுக்கு ஏமாற்றம். வந்த விருந்தினர்கள் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கூப்பிட்டால் வரவில்லை. புகார்கள் குவிந்த பிறகு, திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விலை அதிகம் என்ற கோபத்தோடு, குறையுள்ள பொருளுக்கா இந்த விலை என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

குதிரைக் கவசத்தில் தொடங்கியது

இப்படித் துண்டு துண்டாக விற்பது சிம்ஸோடு தொடங்கியதல்ல. 2006 ஏப்ரலில், ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் வரும் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றது ‘பெதெஸ்டா’ நிறுவனம். ஊரே கேலி செய்தது. ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. அந்தப் பாடத்தை மற்ற நிறுவனங்களும் கற்றுக்கொண்டன.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே விளையாட்டைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருக்க ஆட்கள் வேண்டும், சம்பளம் வேண்டும். விரும்பியவர் விரும்பியதை மட்டும் வாங்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர்கள் வாதம்.

ஆனால், விட்டுவிட்டுப் போவது அத்தனை சுலபமா? சிம்ஸ் ரசிகர்களில் பலர் ஒரே குடும்பத்தைத் தாத்தா, மகன், பேரன் என்று பத்துத் தலைமுறைக்கு வளர்ப்பவர்கள். அந்தக் குடும்பமும், அதற்காக வாங்கிய தொகுப்புகளும் அந்த விளையாட்டுக்குள்தான் இருக்கின்றன. வேறு விளையாட்டுக்கு மாறினால் எதையும் எடுத்துப்போக முடியாது. நான்காம் பாகத்துக்கு மாற்றாக ஐந்தாம் பாகம் கொண்டுவரும் எண்ணமில்லை என்று 2024-ல் நிறுவனம் அறிவித்தது. வாங்கியது வீணாகாது என்பது நிம்மதி. வாங்குவது நிற்கப்போவதில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

தொடரின் வெள்ளிவிழாவுக்காக 2025 ஜனவரி இறுதியில் முதல் இரண்டு பாகங்களும் மறுபடி விற்பனைக்கு வந்தன. அவற்றின் கூடுதல் தொகுப்புகளும் கிட்டத்தட்ட எல்லாமே கூடவே வந்தன. இரண்டும் சேர்த்து விலை 40 டாலர். நான்காம் பாகத்தின் ஒரே ஒரு பெரிய தொகுப்புக்கு வைக்கும் அதே விலை! முழுதாக வாங்குவதற்கும் கூறு போட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நிறுவனமே காட்டிவிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு...

பிள்ளைகள் ‘ஃப்ரீ கேம்தான்ப்பா’ என்று கேட்டால், மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம்.

* இன்ஸ்டால் செய்யும் முன், அந்த விளையாட்டுக்கு என்னென்ன கூடுதல் தொகுப்புகள் விற்கிறார்கள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். உண்மையான விலை அதுதான்.

* ஒரு தொகுப்பு வேலை செய்ய இன்னொரு தொகுப்பு தேவையா என்று படித்துப் பாருங்கள்.

* வெளியான அன்றே வாங்க வேண்டாம். குறைகள் தெரியவரும், திருத்தங்கள் வரும், தள்ளுபடியும் வரும்.

* கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

* ‘ஸ்டீம்’ தளத்தில் வாங்கியிருந்தால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

* மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யுங்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

வீடு எரிந்த பிறகு எது தேவை, எது தேவையில்லை என்று யோசித்ததில் பிறந்த விளையாட்டு இது. கார்டை எடுப்பதற்கு முன் அதே கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்!