வரிசையும் பொருளும்

செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகள் எட்டு என்று நன்னூல் வகுத்துள்ளது. அவற்றுள் நிரல்நிறை என்பதில் சொற்கள் நின்ற வரிசையே இன்னதற்கு இன்னது என்று காட்டும். அடிமறிமாற்று என்பதிலோ அடிகளை இடம் மாற்றினாலும் பொருள் குன்றாது. கணிப்பொறிகள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமுறையிலும் இவ்விரு நிலைகளும் உண்டு.

1998-ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முறையில், ஒவ்வொரு செய்தியையும் அதன் பெயர் தாங்கிய இரு குறிகளுக்கிடையே வைப்பர். இவ்வாறு அமைந்தது உறுப்பு எனப்படும். தொடக்கக் குறியினுள்ளேயே சில குறிப்புகளை எழுதுவதும் உண்டு, அவை பண்புகள். பண்புகளின் வரிசைக்குப் பொருளில்லை என்று விதியே கூறுகின்றது. உறுப்புகளின் வரிசையோ அழியாமல் காக்கப்படும். ஆனால், அதற்குப் பொருள் உண்டா என்பதை ஆவணத்தை வகுப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

சென்னை, விஜயவாடா, நாகபுரி, போபால், தில்லி என்று ஒரு ரயில் நிற்கும் ஊர்களைக் குறிப்பதாகக் கொள்வோம். இங்கு வரிசைதான் வழி. ஊர்களை மாற்றி வைத்தால் பயணமே பிழையாகும். நூலின் பத்திகளும் அத்தகையனவே.

பெயரின் நிலை வேறு. முருகன் என்பவர் தம் தந்தை இராமசாமியின் முதலெழுத்தை முன்வைத்து 'இரா. முருகன்' என்று எழுதுகின்றார். வடபுலத்திலோ தம் பெயர் முன்னும் குடும்பப் பெயர் பின்னும் வருதல் பெருவழக்கு. 'முதலில் வருவது தம் பெயர்' என்று இடத்தை மட்டும் நம்பி ஆவணத்தை வகுத்தால், தந்தையின் பெயரே மகன் பெயராகப் பதிவாகிவிடும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது சிறு தொல்லையன்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயருமாக நின்றுவிடும்.

'தம் பெயர்', 'தந்தை பெயர்' என உறுப்புகளுக்கே பெயரிட்டுவிட்டால் இக்குழப்பமில்லை. 'முருகன் பாம்பைக் கண்டான்', 'பாம்பை முருகன் கண்டான்' என்னும் இரண்டிலும் வேற்றுமை உருபு பொருளைக் காப்பதுபோல, இங்கே உறுப்பின் பெயர் காக்கும்.

ஒன்று கருதத்தக்கது. சரிபார்ப்பதற்கு எளிது என்பதற்காகவும் சில அமைப்புகளில் வரிசை கட்டாயமாக்கப்படுகின்றது. கட்டாயம் என்பதனாலேயே அதற்குப் பொருள் உண்டென்று கொள்ளலாகாது.

ஆகவே, ஆவணம் வகுப்போர் இரண்டு உறுப்புகளை இடம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். உண்மை மாறுமாயின் வரிசையைக் காத்து, அதனை விதியாகவும் எழுதி வைக்க வேண்டும். மாறாதாயின் பொருளைப் பெயரில் வைக்க வேண்டும்; இடத்தில் வைக்கலாகாது.