பார்சலின் மேலுறை: எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும்?

ராசிபுரத்தில் ஒரு பார்சல் வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் கையைத் தாண்டுகிறது என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. அனுப்பும் கடைக்காரர், கூரியர் அலுவலகத்தில் எடை போடுபவர், சேலத்தில் பிரித்து அடுக்குபவர், கடைசியில் இருசக்கர வண்டியில் கொண்டுவரும் தம்பி. வீடு பூட்டியிருந்தால் எதிர் மளிகைக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போகிறார். மாலையில் வீட்டுக்காரர் வாங்கப் போகும்போது, பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார்கள். வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் இதே நிலைதான்.

வந்தது ஒரு சட்டை என்றால் யாருக்கும் கவலையில்லை. முதியவருக்கான டயப்பர், மனநல மருத்துவர் எழுதிய மாத்திரை, கர்ப்பப் பரிசோதனைக் கருவி, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் அணியும் உள்ளாடை, மூல நோய்க்கான களிம்பு என்றால் நிலைமை வேறு. இவற்றில் எதுவும் தவறான பொருள் அல்ல. ஆனால் அவை தெருவுக்குத் தெரிந்தால் வாங்கியவர் கூனிக் குறுகிப் போகிறார். அடுத்த முறை வாங்காமலேயே இருந்துவிடுகிறார்.

சிறுநீர்க் கசிவு உள்ள முதியவர்கள் பலர், ஆடை நனைந்துவிடுமோ என்று அஞ்சி ஜமாஅத் தொழுகைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு உளூ விஷயத்தில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஒரு டயப்பர் இருந்தால் கல்யாணத்துக்கும் ஜனாஸாவுக்கும்கூடத் தயக்கமின்றிப் போய்வரலாம். கடையில் போய்க் கேட்கக் கூச்சம். ஆன்லைனில் வாங்கினாலோ பெட்டியின் மேல் படமே அச்சடித்து வருகிறது. பொருளின் பெயர் தெரியாத சாதாரண உறை இத்தகையவர்களுக்கு ஓர் அவசியம்.

கறுப்புக் கவர் காட்டிக்கொடுப்பது

தமிழ்நாட்டில் இந்த மறைப்புக்கு நீண்ட பழக்கம் உண்டு. மெடிக்கல் கடையில் நாப்கின் கேட்டால், கடைக்காரர் அதை நாளிதழில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். மற்ற மருந்துகள் வேறு கவரில் போகும்; இது மட்டும் கறுப்பில் போகும். அதனாலேயே கறுப்புக் கவரோடு ஒரு பெண் நடந்து போனால் உள்ளே என்ன என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மறைக்க வந்த கவரே அறிவிப்புப் பலகை ஆகிவிட்டது. மாதவிடாய் ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் என்ற எண்ணத்தையும் அது சேர்த்தே வளர்த்தது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு விதித்த தடையின்படி, அந்தக் கவரைப் பயன்படுத்துவதே குற்றம் என்பது தனி விஷயம்.

இதற்கு நேர்மாறானது நம் ஊர் மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பை அது. அதே பையில் நிலப் பத்திரத்தையும் அடகு மீட்ட நகையையும் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தவர்கள் உண்டு. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, ஏனென்றால் எல்லோர் கையிலும் அதே பைதான்.

1958-ஆம் ஆண்டு நியூயார்க் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், புகழ்பெற்ற ஹோப் வைரத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அனுப்பினார். 45.52 காரட் எடையுள்ள அந்த நீல வைரம் நம் நாட்டுக் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்தது என்று கருதப்படுகிறது. அது போனது ஆயுதக் காவலோடு அல்ல. சாதாரணப் பழுப்புத் தாள் சுற்றிய பார்சலாக, பதிவுத் தபாலில். 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்ட அந்தப் பார்சலை நவம்பர் 10-ஆம் தேதி தபால்காரர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்றப் பார்சல்களைப் போலவே இருந்ததுதான் அதற்குப் பாதுகாப்பு.

ஆகவே, ஒரு கடை கூச்சப்படும் பொருட்களை மட்டும் தனி உறையில் அனுப்பினால் பயனில்லை. சேலையும் நெய்யும் டயப்பரும் ஒரே மாதிரி பழுப்பு அட்டைப்பெட்டியில் போனால்தான் எது எது என்று யாருக்கும் தெரியாது.

மேலே மௌனம், உள்ளே முழு உண்மை

பொருளின் பெயரை மறைப்பது ஏமாற்று ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். அங்கே மறைக்கப்பட்டது வாங்குபவரிடமிருந்து. ஆகவே அது மோசடி. மேலுறையில் நாம் மறைப்பது வழியில் பார்ப்பவரிடமிருந்து. அவருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை எதுவும் இல்லை. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்கும்படி குர்ஆன் (24:27) கட்டளையிடுகிறது. வீட்டாரின் அந்தரங்கத்தில் அயலார் பார்வை படாதிருப்பது அதன் முக்கிய நோக்கம். வீட்டுக்குள் போகப் போகும் பெட்டிக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, விற்பனைப் பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தை வைத்து அனுப்பும் வெளிப்பெட்டி வேறு. அதன் மேல் பொருளின் படத்தைப் போட வேண்டிய தேவை இல்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசுவாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில், 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வாடிக்கையாளரிடம் எந்த நோக்கத்துக்காக விவரம் வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். முகவரி வாங்குவது பொருளைச் சேர்க்க. ஊருக்கு அறிவிக்க அல்ல.

சில எல்லைகள்

மௌனம் வேறு, பொய் வேறு. மேலுறையில் பொருளின் பெயரை எழுதாமல் விடலாம். மாத்திரையை அனுப்பிவிட்டுப் 'புத்தகம்' என்று எழுதக் கூடாது. கூரியர் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பொறுப்பேற்றுச் சுமப்பவர். அவருக்கு அது தெரிய வேண்டும்.

ஆபத்தான பொருளுக்கு மௌனமும் கூடாது. லித்தியம் பேட்டரி, ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியம் போன்றவை தீப்பிடிக்கக் கூடியவை. அவற்றுக்குரிய எச்சரிக்கைக் குறி வெளியே இருக்க வேண்டும். கண்ணாடிப் பொருளுக்கு 'உடையும், கவனம்' என்ற வாசகம் தேவை. இன்சுலின் போன்ற மருந்துக்கு, பெயரை எழுதாமலேயே '2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவும்' என்று எழுதலாம்.

பிள்ளைகள் வீட்டாருக்குத் தெரியாமல் கூடாத பொருட்களை வாங்கி மறைத்துவிடுவார்களே என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். இ-சிகரெட் விற்பனையே 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட பொருளைத் தடுக்கும் இடம் விற்பனை செய்யும் இடம். வயதைச் சரிபார்க்கும் இடமும் அதுவே. பிள்ளையைக் கவனிப்பது பெற்றோர் கடமை. அதற்காக ஊரில் உள்ள நோயாளிகள் எல்லோருடைய பார்சலையும் தெரு படிக்க வேண்டியதில்லை.

விற்பவர்களுக்கு

நம் பகுதியில் பட்டுச் சேலை, நெய், நைட்டி, சிறுதானிய மாவு என்று வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் வழியாக விற்பனை செய்யும் பெண்கள் பெருகி வருகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. எல்லா ஆர்டருக்கும் ஒரே வகை உறை. ஒளி ஊடுருவாததாகவும், யாராவது பிரித்தால் கிழிசல் தெரியும்படியும் இருக்கட்டும்.

2. மேலே பெறுபவர் பெயர், முகவரி, பின்கோடு, தொலைபேசி எண், அனுப்புநர் பெயர், திரும்ப வர வேண்டிய முகவரி, பார்கோடு ஆகியவை போதும். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பார்சல் என்றால் தொகையும் வேண்டும்.

3. கடையின் பெயரே பொருளைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் பொதுப் பெயரைப் போடலாம்.

4. சரக்கு வண்டியில் பில் உடன் செல்ல வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. அதை மடித்து மூடிய உறைக்குள் வைத்து ஒட்டலாம்; பொருளின் பெயர் வெளியே தெரியும் கண்ணாடிக் கவரில் வேண்டாம்.

5. குறுஞ்செய்தியிலும் கவனம் தேவை. வீட்டில் பலர் பார்க்கும் கைபேசிக்கு 'உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது' என்று ஆர்டர் எண்ணோடு அனுப்பினால் போதும்.

சீனாவின் ஜேடி நிறுவனம் 2016-இலேயே, பார்சல் மேல் வாடிக்கையாளரின் பெயரிலும் தொலைபேசி எண்ணிலும் ஒரு பகுதியை மறைத்து அந்த இடத்தில் சிரிக்கும் முகக் குறியை அச்சிடத் தொடங்கியது. கொண்டுவருபவர் தன் கருவியில் ஸ்கேன் செய்து அழைத்துக்கொள்வார். இந்தியாவில் எல்லா நிறுவனங்களும் செய்யக் கூடியதுதான் இது.

வாங்குபவர்களுக்கு

கடையின் பக்கத்தில் உறை எப்படி வரும் என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வீட்டில் ஆள் இல்லாத நாளில், பக்கத்து வீட்டில் கொடுக்காமல் அலுவலகத்திலேயே வைத்திருக்கச் சொல்லி நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியைக் குப்பையில் போடும் முன் முகவரி லேபிளைக் கிழித்துவிடுங்கள். பெயர், முகவரி, கைபேசி எண், வாங்கிய கடை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த விவரங்களைச் சொல்லி, கூரியரிலிருந்து பேசுவதுபோல் ஓ.டி.பி. கேட்கும் மோசடிக்காரர்களுக்கு அது போதும். அப்படிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பொருளில் குறை இருந்து கடை கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று, பார்சலை வாங்கி வைக்கும் அண்டை வீட்டாருக்கும் கடைக்காரருக்கும். அது அமானிதம். தூக்கிக் குலுக்கிப் பார்ப்பதும், 'என்ன பாய் வந்திருக்கு?' என்று கேட்பதும் வேண்டாம். அவர் சொல்ல நினைத்தால் அவரே சொல்வார்.