பெருநாடிக்குள் ஒரு பலூன்

2009 பெப்ரவரி 10ஆம் திகதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பலொன்று போர் வலயமான புதுமாத்தளனிலிருந்து 240 பேரளவான காயக்காரரையும் நோயாளரையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்தது. புதுமாத்தளனில் கப்பல் கரையோடு அணைய வழியில்லை. மீன்பிடிப் படகுகளில் வைத்துத்தான் அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு வைத்தியசாலை அமைத்தபின் கப்பல் அங்கே போனது. மே மாதம்வரை, துணைக்கு வந்த உறவினரையும் சேர்த்து, 13,000 பேருக்கு மேல் இப்படிக் கடல்வழியே வெளியேறினார்கள்.

படகு, கப்பல், பிறகு அம்புலன்ஸ். இத்தனையையும் தாங்கி உயிரோடு வந்துசேரக் கூடியவர் யார்? கையிலோ காலிலோ காயமென்றால் இறுக்கிக் கட்டலாம். ஈரல் கிழிந்தாலும் இடுப்பெலும்பு நொறுங்கினாலும் குருதி உள்ளுக்குள்ளேயே கொட்டும். அழுத்திப் பிடிக்க இடமில்லை. 2001 முதல் 2011 வரை இறந்த 4,596 அமெரிக்கப் படையினரைப் பற்றிய ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. வைத்தியசாலையை எட்டுமுன்னரே இறந்தவர்களில், காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டோரில் 90 சதவீதத்தினரின் உயிரைக் குடித்தது குருதிப்பெருக்குத்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு உடற்பகுதிக்குள் ஏற்பட்டது.

அந்தக் குருதியை உள்ளிருந்தே அடைக்க முடியுமா என்ற கேள்வி பழையது. கொரியப் போரில் அமெரிக்க இராணுவ சத்திரசிகிச்சை வைத்தியர் கார்ல் ஹியூஸ், சாகும் தறுவாயிலிருந்த படையினரின் பெருநாடிக்குள் பலூன் பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்த்தார். அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் 1954இல் அதை அவர் எழுதி வைத்தார்.

இன்றைய முறையும் அடிப்படையில் அதுதான். தொடையிடுக்கு நாடியில் ஊசி குத்தி, மெல்லிய கதெட்டரை மேலே செலுத்தி, பெருநாடியில் பலூனை ஊதுகிறார்கள். கீழே போகும் ஓட்டம் நிற்கிறது; மிச்சமிருக்கும் குருதி இதயத்துக்கும் மூளைக்கும் கிடைக்கிறது. ஆனால், நெஞ்சுப் பகுதியில் ஊதினால் சுமார் அரை மணி நேரந்தான். அதைத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் பட்டினி கிடந்து சாகத் தொடங்கும். பலூன் காயத்தை ஆற்றுவதில்லை. அதற்குள் வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும். இல்லையேல், எக்ஸ்ரே திரையில் சாயம் கசியும் நாடியைத் தேடிப் பிடித்து, சிறு உலோகச் சுருளாலோ ஜெலற்றின் பஞ்சாலோ அடைக்க வேண்டும். எம்போலைசேஷன் எனப்படும் இந்த இரண்டாவது வழி, உடைந்த இடுப்பெலும்புக்குள் குருதி பெருகும்போது பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இந்தப் பலூன் முறையைச் சோதித்து 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வின் முடிவு பலரை உலுக்கியது. 16 வைத்தியசாலைகளில் 90 பேர். பலூன் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 54 சதவீதத்தினர் 90 நாளுக்குள் இறந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர். பலூன் குழுவில் குருதியை நிரந்தரமாக நிறுத்தும் சிகிச்சை தொடங்கவே 83 நிமிடம் ஆனது. மற்றக் குழுவில் 64 நிமிடம்.

திருகோணமலைக்கு இந்த எண்கள் மிக முக்கியம். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பலூனை ஊதிவிட்டு நோயாளியைக் கொழும்புக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. அரை மணி நேரத்தில் கந்தளாயைக்கூடத் தாண்ட முடியாது.

இந்த மாவட்டத்தில் நேரத்தைக் குறைத்தவை வேறு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே படகுப் பாதைக்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. இவற்றோடு மூன்றாவதாகச் சேர வேண்டியது மலிவான ஒரு மருந்து: ட்ரனெக்சாமிக் அமிலம். 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, அது மரணங்களைக் குறைப்பதை உறுதிசெய்தது. காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் பலனில்லை, கேடும் வரலாம்.

ஆகவே திருகோணமலைக்காகக் குரல்கொடுப்போர் பலூனை மட்டும் தனியாகக் கேட்கக் கூடாது. மூதூரிலோ குச்சவெளியிலோ அடிபட்டவர் வாசலுக்கு வரும்போது பொருந்தும் குருதி ஆயத்தமாக இருக்க வேண்டும். நடுச்சாமத்திலும் சத்திரசிகிச்சைக் கூடம் திறந்திருக்க வேண்டும். நாடியை அடைக்கத் தெரிந்த கதிரியக்க வைத்தியரும் அவருக்கான எக்ஸ்ரே கூடமும் கிழக்கு மாகாணத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். அவை இருக்கும் இடத்தில்தான் பலூனின் அரை மணி நேரத்துக்குப் பயன் உண்டு.