பேஸ் கிற்றாரின் நாதம்

ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் உண்டென்பர் பௌதிக நூலார். ஒரே சுருதியில், ஒரே உரப்பில் வயலினும் குழலும் ஒலிப்பினும், இது வயலின், இது குழல் என நாம் பிரித்தறிவது பண்பினாலேயாம். இசைவாணர் இதனை நாதம் என்பர். மேனாட்டு மெல்லிசைக் குழுக்களில், தாழ்ந்த சுருதியில் நின்று ஏனைய கருவிகள் யாவற்றையும் தாங்குவது பேஸ் கிற்றார் ஆகும். அது வீட்டுக்கு அத்திவாரம் போன்றது. அத்திவாரம் கண்ணுக்குத் தெரியாதவாறு போலவே அதன் ஒலியும் பலர் செவியில் தனித்து விழுவதில்லை. ஆயின் அது பிழைபடின் கட்டடம் முழுவதும் ஆட்டங்காணும். இக்கருவியைப் பயிலும் இளைஞர் பலர், நாதம் செவ்வனே அமையாதவிடத்து, பெரிய ஒலிபெருக்கியும் வலுமிக்க மின்பொறியும் வாங்குவதே வழியெனத் துணிந்து பெரும்பொருள் செலவிடுகின்றனர். பொருள் போகின்றது, நாதம் வருவதில்லை. இதற்குக் காரணம் யாது, நல்ல நாதம் எங்கே பிறந்து எவ்வழியே நம் செவியை அடைகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. ஆளுயரம் உள்ள டபிள் பேஸ் என்னும் மரக்கருவியே முன்னாளில் இப்பணியைச் செய்துவந்தது. அதனைத் தூக்கிச் செல்லுதல் அரிது. எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் மண்டபத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்துப் புல்லேட்டன் நகரில், லியோ பெண்டர் என்பவர் திண்மரத்தாலான உடலும் 34 அங்குல நரம்பு நீளமும் உடைய மின் கருவியொன்றை வெளியிட்டார். வீணையிற் போல் இதன் கழுத்திலும் மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் சுருதி பிசகாது வாசித்தல் எளிதாயிற்று. ஆதலின் துல்லியம் எனப் பொருள்படும் பிறிசிஷன் பேஸ் என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. திண்மர உடல் தானாகப் பேரொலி எழுப்பாது. எனவே நரம்பு, காந்த ஏற்பி, விரியலாக்கி, ஒலிபெருக்கி என்னும் நான்கும் சேர்ந்தே அக்கருவி முழுமை பெறுகின்றது. அம்பிளிபையர் எனப் பலரும் வழங்குவதையே ஈண்டு விரியலாக்கி என்கின்றோம்.

முதற்கண் அறியற்பாலது ஒன்றுண்டு. கருவியின் மிகத் தாழ்ந்த நரம்பை மீட்டினால் அது செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. இஃது அடித்தொனி. அதனோடு 82, 123, 164 என அதன் மடங்குகளாகிய மேற்றொனிகளும் ஒருங்கே எழுகின்றன. இம்மேற்றொனிகளுள் எவை மிக்கு நிற்கின்றன, எவை குன்றுகின்றன, எவை முந்தி மறைகின்றன என்பதே நாதத்தை வகுப்பது. இதனினும் வியத்தற்குரியது நமது செவியின் இயல்பு. அடித்தொனி வலிகுன்றியோ முற்றாக மறைந்தோ போயினும், மேற்றொனிகளின் ஒழுங்கைக் கொண்டே செவி அதன் சுருதியை உணர்ந்துகொள்கின்றது. உள்ளங்கையளவான வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கி 41 அதிர்வைத் தரவல்லதன்று. எனினும் அதிற் பாட்டுக் கேட்போர் பேஸ் கிற்றாரின் இசை நடையை இடரின்றித் தொடர்கின்றனர். எனவே, இக்கருவியின் நாதம் அடித்தொனியின் பருமையில் மாத்திரம் தங்கியதன்று. மேற்றொனிகளின் ஒழுங்கே அதன் உயிர். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு பிறப்பிடத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் செல்வோம்.

பிறப்பிடம் நரம்பு. நரம்பின் சுருதி அதன் நீளம், இழுவை, ஓரலகு நீளத்தின் திணிவு என்னும் மூன்றினாலும் அமைகின்றது. ஏறக்குறைய 86 சதமமீற்றர் நீளத்தில் 41 அதிர்வைப் பெறுதற்கு நரம்பு கனமாக இருத்தல் வேண்டும். தடித்த ஒற்றைக் கம்பியையே பூட்டினால் அது கோல் போல் விறைத்து நிற்கும். விறைப்பு மிகின் மேற்றொனிகள் தம் மடங்குகளிலிருந்து உயர்ந்து விலகும், ஒலி கரகரக்கும். ஆகவே மெல்லிய உருக்குக் கம்பியை நடுவிலே வைத்து, அதன்மேல் வேறு கம்பியைச் சுற்றித் திணிவை ஏற்றுகின்றனர். சுற்றும் கம்பி உருண்டையாக இருப்பின் மேற்றொனிகள் மிக்கு ஒலி பிரகாசமாக அமையும். விரல் நகரும்போது உரசும் ஓசையும் எழும். சுற்றும் பொருள் தட்டையான நாடாவாக இருப்பின் மேற்பரப்பு வழுவழுப்பாகும். மேற்றொனிகள் விரைவில் அடங்கி ஒலி மென்மையும் கனிவும் பெறும். உருண்டைச் சுற்று நரம்பில் வியர்வையும் அழுக்கும் இடுக்குகளிற் புகுந்து, சில கிழமைகளிலேயே அதன் பிரகாசத்தை மழுக்கிவிடும்.

இவ்விருவகைக்கும் இரு பெருங்கலைஞர் சான்றாவர். டெற்றோயிற் நகரின் மோற்றவுண் இசைத்தட்டு நிலையத்தில் 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைச் சுற்று நரம்புகளையே பூட்டினார். அவற்றை மாற்றுவதை அவர் விரும்பியவரல்லர். சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். அவர் நாதம் உருண்டு திரண்டு, பாடுவோர் குரலுக்குக் கீழே மெத்தை விரித்தாற்போல் நின்றது. இங்கிலாந்தில் தி ஹூ என்னும் குழுவில் வாசித்த ஜோன் என்ற்விசிலோ பியானோவின் தாழ்ந்த நரம்பு போன்று கணீரென ஒலிக்கும் நாதத்தை நாடினார். 1966ஆம் ஆண்டில் றொற்றோசவுண்ட் நிறுவனத்தாருடன் கூடி உருண்டைச் சுற்று நரம்புகளைத் தம் விருப்பத்துக்கேற்பச் செப்பஞ்செய்வித்தார். இவர்தம் நாதங்கள் இரு துருவங்கள்; எனினும் இரண்டும் போற்றப்படுவன. ஆதலின் நல்ல நாதம் ஒன்றே என்பது பொருந்தாது. தான் வாசிக்கும் இசைக்கு ஏற்ற நாதமே நல்ல நாதம் என்க.

நரம்புக்கு அடுத்தது விரல். நரம்பை எவ்விடத்தில் மீட்டுகின்றோமோ அவ்விடத்திற் கணு உடைய மேற்றொனிகள் எழமாட்டா. நட்ட நடுவில் மீட்டினால் இரட்டை எண் பெற்ற தொனிகள் மறைந்து ஒலி குழைவாகும். குதிரையை அணுகி மீட்டினால் உயர்ந்த மேற்றொனிகள் மிக்கு ஒலி இறுக்கமும் தெளிவும் பெறும். விரலின் சதை மென்மையான தொடக்கத்தையும், மீட்டுவில்லை கூரிய தொடக்கத்தையும் தருகின்றன. கையை நான்கு அங்குலம் நகர்த்துவதால் விளையும் மாற்றம், விரியலாக்கியின் திருகுகளைத் திருப்புவதால் விளைவதினும் பெரிதாதல் உண்டு. அதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

மூன்றாவது, பிக்கப் என வழங்கும் காந்த ஏற்பி. நிலைக்காந்தத்தைச் சுற்றி நுண்கம்பிச் சுருள் அமைந்திருக்கும். உருக்கு நரம்பு அதன்மேல் அதிர, காந்தப் புலம் மாறிச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். ஏற்பியும் தான் இருக்கும் இடத்து அதிர்வையே அறியும். மெட்டில் அழுத்தாத நரம்பின் காற்பங்கு நீளத்தில் ஏற்பி இருப்பின், நான்காம் தொனிக்கு அவ்விடம் கணுவாதலால் அத்தொனி அதன் செவிக்கு எட்டாது. மேலும் ஏற்பியின் சுருள், அயலிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கும். நம் நாட்டு மின்வழங்கல் செக்கனுக்கு 50 சுற்றுடையது. தடித்த நரம்பின் மூன்றாம் மெட்டு ஒலியோ 49 அதிர்வுடையது. இரைச்சல் இசையோடு கலந்து மயக்குதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ? 1957ஆம் ஆண்டில் பெண்டர் தம் கருவியின் ஏற்பியை இரு பாதியாக்கி, காந்தமும் சுற்றும் ஒன்றற்கொன்று எதிராகுமாறு அமைத்தார். இதனால் இரைச்சல் தன்னைத்தான் அழிக்க, நரம்பின் ஒலி மாத்திரம் எஞ்சியது.

அடுத்த படி விரியலாக்கி. காந்த ஏற்பியின் மின்குறி மெலிந்தது, பாரமேற்றினால் தளர்வது. அதனை ஏற்கும் வாயில் பத்து இலட்சம் ஓம் அளவான தடங்கல் உடையதாயின் மேற்றொனிகள் பிழைக்கும். பதினாயிரம் ஓம் அளவான கலப்புப் பலகையில் நேரே செருகினால் உயர்ந்த தொனிகள் மங்கிப்போகும். இடையே ஒரு சிறு இணைப்புப் பெட்டியை வைப்பின் இக்குறை தீரும். வால்வு விரியலாக்கி, எல்லையை அணுகும்போது அலையின் முகட்டை மெல்ல வளைத்துப் புதிய மேற்றொனிகளைச் சேர்க்கும். பலர் அதனை வெம்மையான நாதம் என விரும்புவது இதனாலேயே. திரான்சிற்றர் விரியலாக்கி எல்லைவரையும் நேர்மையாகச் சென்று, எல்லை கடந்ததும் முகட்டைச் சடுதியாக வெட்டிவிடும்.

வலுவைப் பற்றிய மயக்கமே பெரும்பொருள் அழிதற்குக் காரணம். 100 உவாற்றினை 200 ஆக்கினால் ஒலிமட்டம் 3 தெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். அதே வலுவில் 3 தெசிபெல் மிகுதியாக ஒலிக்கும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தால், விரியலாக்கியை இரட்டித்த பயன் கிட்டும். இன்னுமொன்று: 1933ஆம் ஆண்டில் பிளெச்சர், மன்சன் என்னும் ஆராய்ச்சியாளர், மெல்லிய ஒலிமட்டத்திற் செவி தாழ்ந்த தொனிகளை மிகக் குறைவாகவே உணர்கின்றதென நிறுவினர். வீட்டில் மெதுவாக வாசித்துத் தாழ்தொனியை ஏற்றி வைத்தவன், அதே நிலையில் மண்டபத்தில் உரப்பாக்கினால், தாழ்தொனி பெருகி யாவற்றையும் மூடுவதன் காரணம் இதுவே.

இனி ஒலிபெருக்கி. ஒரே உரப்பில் சுருதி ஒரு தாயி இறங்கினால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். அசைவு மிகாதிருக்கக் கூம்பின் பரப்பைப் பெருக்குவர். 1960ஆம் ஆண்டில் அம்பெக் நிறுவனத்தார் வெளியிட்ட பீ-15 என்னும் பொறி 15 அங்குலக் கூம்பு ஒன்றினையே கொண்டது. 1969இல் அவர்கள் வெளியிட்ட எஸ். வீ. ரீ. என்பதோ 300 உவாற்று வலுவும், ஒரு பெட்டிக்கு எட்டாகப் 10 அங்குலக் கூம்புகளும் கொண்டது. அளவுகளைப் பெருக்கிப் பார்ப்பின் எட்டுக் கூம்புகளின் பரப்பு 15 அங்குலக் கூம்பினதைப் போல் மூன்றரை மடங்காதல் காணலாம். பெட்டியும் வெறும் உறையன்று. கூம்பின் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழியாதவாறு காப்பது அதுவே. மூடிய பெட்டி இறுக்கமான ஒலியைத் தரும். துளையுள்ள பெட்டி பரிவினால் தாழ்தொனிக்குத் துணைசெய்யும். ஆயின் அப்பரிவுக்குக் கீழே கூம்பு கட்டின்றி அலையும். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்தொனி, மிக்க உரப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறல் இயலாது. ஒன்றை விட்டே ஏனை இரண்டையும் பெறலாகும். இணைக்குமிடத்துத் தடங்கலையும் கணித்தல் வேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். விரியலாக்கி தாங்கும் அளவிற்குக் கீழே செல்லின் அது வெந்தழியும்.

ஒலிபெருக்கியோடு பாதை முடிந்துவிடுவதில்லை. 41 அதிர்வின் அலைநீளம் எட்டு மீற்றருக்கு மேற்பட்டது. ஏறக்குறைய 14 அடி நீளமான அறை அதன் அரையலைக்குச் சமன். அவ்வறையின் நடுவே நிற்பவனுக்கு அடித்தொனி மெலிந்தும், சுவரருகே நிற்பவனுக்கு அதுவே பெருகியும் கேட்கும். ஆதலின் பெட்டியை அறையின் மூலையிலிருந்து சிறிது நகர்த்துதல் புதிய பொறி வாங்குதலினும் பயன் தருதல் கூடும். மேலும், தனியே வாசிக்கும்போது இனிதாகத் தோன்றும் நாதம் குழுவினிடையே மறைதல் உண்டு. தாழ்ந்தனவும் உயர்ந்தனவும் ஏற்றி, 200 முதல் 800 அதிர்வு வரையுள்ள நடுப்பகுதியைக் குறைத்து வைப்போர் இவ்விடரில் வீழ்வர். அடிப்பகுதியை முரசு கவர்ந்துகொள்ளும். மேற்பகுதியைத் தாளத்தட்டு கவர்ந்துகொள்ளும். பேஸ் கிற்றார் தன்னை உணர்த்தும் இடம் அந்நடுப்பகுதியே.

இதுகாறும் கூறியவற்றால் ஒரு முறை புலனாகின்றது. முந்திய படி தராததைப் பிந்திய படி பெருக்க முடியாது; மழுங்கிய நரம்பில் எழாத மேற்றொனியை ஆயிரம் உவாற்றும் மீட்டுத் தாரா. எனவே திருத்தம் பிறப்பிடத்திலிருந்து தொடங்குக. முதலிற் கையின் இடத்தை மாற்றிக் கேட்க. பின் நரம்பை மாற்றுக. பின் ஏற்பியின் உயரத்தைச் சீர்செய்க. அதன்பின் விரியலாக்கியின் திருகுகளை நடுநிலையில் வைத்து, குழுவோடு சேர்ந்து வாசித்தே திருத்துக. பெட்டியின் இடத்தையும் ஆய்க. இவை யாவும் செய்தும் குறை நிற்பின் அப்போது பொருள் செலவிடலாம். பேரொலிக்கு நாளும் ஆட்பட்ட செவி கேள்வியை இழக்கும். இழந்த கேள்வி மீளாது. நாதத்தை அளக்கும் இறுதிக் கருவி செவியாதலின், உரப்பை வேண்டிச் செவியை இழப்பவன் தன் பொருளோடு தன் கலையையும் இழந்தவனாவான். அளவறிந்து ஒலிக்கும் நரம்பும் நுணுகிக் கேட்கும் செவியும் உடையவனுக்குச் சிறிய பொறியும் போதுமானதாகும்.